ஆகஸ்ட் மாதப் படுக்கை

ஈஸ்டர் ஞாயிறன்று மதியம், ஆட்டுத்தொடை பதமாக வெந்திருக்கிறதா என்று மரீஸ் அடுப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, கூடத்தில் நாத்தனார் பெயாத்ரிஸ் போனில் பேசுவது காதில் விழுந்தது.

"சாப்பாட்டைப் பத்திக் கவலையே படாத கோரின். வீட்டைப் பாத்துக்க இங்க ஆள் இருக்கு. கைமணம்னா அப்படி ஒரு கைமணம். நாம காலை நீட்டி உக்காந்தா போதும்."

மரீஸ் அடுப்புக் கதவைச் சாத்தினாள். கையில் இருந்த துணியை மடித்து வைத்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள். பெயர்கூட இல்லை.

மக்கோன் பக்கம் ரயில் பாதை பழுது பார்க்கிறவரின் மகளாகப் பிறந்து, இருபத்துநாலு வயதில் ரெஜிஸைக் கட்டிக்கொண்டு இந்த போஜொலே மலைச்சரிவுக்கு வந்தவள் அவள். குளிர்காலம் முழுக்கக் குனிந்து திராட்சைக் கொடி கழித்து, கத்தரிக்கோல் பிடித்த பெருவிரல் மூட்டு பக்கவாட்டில் திரும்பிவிட்டது. வசந்தத்தில் கட்டுவது, கோடையில் தழை வெட்டுவது, அறுவடைக்கு வரும் ஆட்களுக்கெல்லாம் மூன்று வேளையும் பொங்கிப் போடுவது, ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து இறங்குகிறவர்களுக்குக் கோப்பை கழுவி ஒயின் ஊற்றிக் கொடுப்பது எல்லாம் அவள் பாடு. இரண்டு பையன்களும் வளர்ந்து லியோனுக்குப் போய்விட்டார்கள். வாய் இல்லாதவள் என்று யாரும் அவளைச் சொல்லிவிட முடியாது. வில்ஃபிராஞ்ச் சந்தையில் பாலாடைக்கட்டிக்காரன் எடையில் விரல் வைத்தால் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஒரு விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அது அவள் படுக்கிற அறை.

மாமியாரும் மாமனாரும் இறந்த பிறகு மாடியில் வடக்குப் பார்த்த பெரிய அறைக்கு ரெஜிஸும் அவளும் மாறினார்கள். கனமான கல்சுவர், வெயில் எட்டாத ஜன்னல். ஆனால் வீடும் தோட்டமும் பிரிக்கப்படவில்லை. பாதி ரெஜிஸுக்கு, பாதி அக்காள் பெயாத்ரிஸுக்கு. பெயாத்ரிஸ் பாரிஸில் இருக்கிறவள், விவாகரத்தானவள். வருஷா வருஷம் ஆகஸ்டில் விடுமுறைக்கு வருவாள். வந்தால் அப்பா அம்மா படுத்த அறையில்தான் படுப்பாள். அதற்காக மரீஸ் ஒவ்வொரு ஆகஸ்டும் தலையணை, போர்வை, ராத்திரி உடுப்பு எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு ரெஜிஸோடு முற்றத்தைத் தாண்டிப் போவாள். அங்கே ஒயின் தொட்டிகள் இருக்கும் கொட்டகைக்கு மேல், அறுவடை ஆட்கள் தங்குகிற அறை. ஓட்டுக் கூரை. பகலெல்லாம் குடித்த வெயிலை அது இரவெல்லாம் கக்கும். கீழே இருந்து காலித் தொட்டியின் புளித்த வாடை வரும், கூடவே கொசு. பதினோரு கோடை அப்படிப் போயிற்று.

சாப்பாட்டு மேஜையில் பெயாத்ரிஸ் இந்த வருஷக் கோடைக்குத் திட்டம் போட்டாள். அவளுக்குத் திட்டம் போடுவதில் தனி சந்தோஷம்.

"முதல் சனிக்கிழமை வந்துடுவோம். கோரினும் அவ புருஷனும் கூட வர்றாங்க. அவங்களுக்குப் பசங்க ரூம். எனக்கு வழக்கம்போல. திங்கக்கிழமை க்ளூனி மடம். செவ்வாய்க்கிழமை பக்கத்து ஊர்ல எல்லா ஒயினையும் ருசி பாக்கப் போறோம். புதன்கிழமை கொடிங்களுக்கு நடுவுல மதியச் சாப்பாடு. மரீஸ், மாவுக்குள்ள வச்சுச் சுடுவியே அந்த இறைச்சி, அதைப் பண்ணிடு."

"புதன்கிழமை நான் எங்க இருப்பேன்னு கேக்கலையே நீ," என்றாள் மரீஸ்.

"எங்க போகப் போற?" பெயாத்ரிஸ் சிரித்தாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே வேடிக்கையாக இருந்தது அவளுக்கு. அதைத்தான் மரீஸால் தாங்க முடியவில்லை.

ரெஜிஸ் எல்லோருக்கும் இன்னொரு சுற்று ஒயின் ஊற்றினான். பேச்சு சூடாகிறபோதெல்லாம் அவனுக்குப் புட்டி கையில் வந்துவிடும்.

பெயாத்ரிஸின் கார் கிளம்பியதும் மரீஸ் ரெஜிஸிடம் சொன்னாள். "இந்த வருஷம் நான் ரூமைக் காலி பண்ணல. நீயே அவகிட்டச் சொல்லு."

"அது அவ அப்பா அம்மா படுத்த ரூம் மரீஸ். ரெண்டு வாரம்தானே."

"அப்ப நீ மட்டும் போ அங்க. நான் இங்கயே படுத்துக்கிறேன், உன் அக்காகூட."

"விளையாடாத. அவ பாகம் பிரின்னு கேட்டுட்டான்னா என்ன பண்ணுவ? ஓடைப்பக்கத் தோட்டத்தை வித்துத்தான் அவ பங்கைக் குடுக்கணும். அப்புறம் நாம எதுக்கு இங்க?"

"பதினோரு வருஷமா இதையேதான் சொல்ற. அவ வாயிலேர்ந்து ஒரு தடவைகூட நான் அதைக் கேக்கல. அவளுக்குப் பதிலா நீதான் கேட்டுக் கேட்டு என்னைப் பயமுறுத்திக்கிட்டிருக்க."

ரெஜிஸ் நாய்க்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டான்.

மே மாதம் கொடிகளில் வேண்டாத தளிர்களைக் கிள்ளி எறிகிற வேலை. பக்கத்துத் தோட்டத்து ஒதீல் அவளுக்கு ஒத்தாசைக்கு வந்திருந்தாள். வாரம் மாற்றி வாரம் மரீஸும் அவள் தோட்டத்துக்குப் போவாள். இரண்டு பேரும் எதிரெதிர் வரிசையில் குனிந்தபடி நகர்ந்தார்கள். மரீஸ் பிடுங்கியதில் இருக்க வேண்டிய தளிரும் சேர்ந்து வந்தது.

"அடியே, அது இந்த வருஷக் காய்," என்றாள் ஒதீல். "நாத்தனாரை நெனைச்சுக்கிட்டுக் கொடியைப் பிடுங்காத. கொடி என்ன பண்ணிச்சு?"

"வீட்டைப் பாத்துக்கிற ஆளாம் நான்."

"சம்பளம் கேட்டியா?"

மரீஸ் சிரிக்கவில்லை.

"இதோ பாரு," ஒதீல் முதுகை நிமிர்த்தினாள். "உன் கட்டில்ல படுக்க நீ யார்கிட்ட உத்தரவு வாங்கணும்? ரெஜிஸ் நல்லவன்தான். ஆனா அவனைப் பேசச் சொல்றதுக்கு உன் டிராக்டரைப் பேசச் சொல்லலாம். நீயே சொல்லு."

அன்று மாலையே மரீஸ் போன் பண்ணினாள். சுற்றி வளைக்கவில்லை. ஆகஸ்டில் தாராளமாக வா, உன் சிநேகிதர்களுக்குப் பையன்கள் அறை தயாராக இருக்கும், நாங்கள் எங்கள் அறையில்தான் இருப்போம், கொட்டகை அறையில் உனக்குச் சுத்தமாகப் படுக்கை விரித்து வைக்கிறேன் என்றாள்.

 பெயாத்ரிஸ், நோயாளியிடம் பேசுகிறவளைப்போல மெதுவாகச் சொன்னாள். "நீ களைச்சுப் போயிருக்க மரீஸ். நான் ரெஜிஸ்கிட்டப் பேசிக்கிறேன்."

பேசினாள். ரெஜிஸ் தோட்டத்தில் நின்றபடியே பேசிவிட்டு வந்தான்.

"என்ன சொன்ன?"

"பாத்துக்கலாம்னு சொன்னேன்."

"எதைப் பாத்துக்கலாம்?"

"பொதுவா."

அந்த வாரம் முழுக்க அவள் அவனோடு பேசவில்லை. தட்டை வைக்கிற சத்தத்திலேயே சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அவளுக்கு நாத்தனார் மேல் இருந்த கோபத்தைவிடப் புருஷன் மேல் இருந்த கோபம்தான் கூடுதல் என்பது அப்போதுதான் அவளுக்கே புரிந்தது. பெயாத்ரிஸுக்கு அந்த ஓட்டுக் கூரை எப்படிக் காயும் என்று தெரியாது. ரெஜிஸுக்குத் தெரியும். பதினோரு கோடை பக்கத்தில் படுத்துப் புரண்டவன் அவன்.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை மதியம் கார் முற்றத்தில் வந்து நின்றது. மரீஸ் சமையலில் குறை வைக்கவில்லை. சாப்பாட்டின் மேல் கோபத்தைக் காட்டுவது அவளுக்குப் பழக்கமில்லை. பையன்கள் அறையில் புது விரிப்பு போட்டு, ஜாடியில் தண்ணீர் வைத்திருந்தாள். கொட்டகை அறையிலும் அதே விரிப்பு, அதே ஜாடி. தன் அறையை மட்டும் அவள் தொடவில்லை. அவள் உடுப்பு அவள் கட்டில் மேலேயே கிடந்தது.

கோரின் இறங்கிக் கை நீட்டினாள். நல்ல முகம். "நீங்கதான் அந்தச் சமையல்காரம்மாவா? பெயாத்ரிஸ் வழியெல்லாம் உங்களைப் பத்தித்தான் பேச்சு."

"நான் ரெஜிஸோட பொண்டாட்டி," என்றாள் மரீஸ். "வாங்க. உங்க ரூம் மாடியில, படியேறினதும் வலது பக்கம்."

கோரினின் முகம் சிவந்தது. அவள் புருஷன் காரின் பின்பக்கம் போய் எதையோ தேட ஆரம்பித்தான்.

பெயாத்ரிஸ் படியில் கால் வைத்துவிட்டாள். ரெஜிஸ் வழக்கப்படி அவள் பெட்டியைத் தூக்கியிருந்தான்.

"உனக்கு அங்க," என்று மரீஸ் முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் காட்டினாள். "மே மாசமே சொன்னேன்."

"ரெஜிஸ்கிட்டப் பேசியாச்சு மரீஸ். வெயில்ல நின்னுக்கிட்டு இது வேண்டாம்."

"அவன் என்ன சொன்னான்? பாத்துக்கலாம்னு. பாத்துக்கோ. அந்த ரூம்ல என் கட்டில் இருக்கு, என் துணி இருக்கு. நானும் அங்கதான் படுப்பேன், இன்னைக்கு ராத்திரியும்."

"அது எங்கம்மா ரூம்."

"உங்கம்மாவை அந்த ரூம்லதான் நான் கழுவித் துடைச்சேன். நீ ஈஸ்டருக்கு வந்து பூ வச்சுட்டுப் போன."

பெயாத்ரிஸ் சிநேகிதியை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு தம்பியைப் பார்த்துச் சிரித்தாள், எல்லோரும் சேர்ந்து சிரித்துவிட்டால் முடிந்துபோகும் என்கிற சிரிப்பு. "என்ன ரெஜிஸ், அப்ப பாகம் பிரிச்சுடலாமா? பேப்பர்ல உன் பேரும் என் பேரும்தானே இருக்கு. இவ பேரு எங்க இருக்கு?"

ரெஜிஸ் இத்தனை வருஷமாகப் பயந்துகொண்டிருந்த பேச்சு, நட்டநடு முற்றத்தில், சிரிப்போடு வந்து விழுந்துவிட்டது. நாய் தொட்டி ஓரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

மரீஸ் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் என்ன சொல்வான் என்பது தெரிந்துவிடும், தெரிந்த பிறகு அதைப் பொறுத்துக்கொள்ள முடியாது என்று நினைத்தாள்.

"பாகப் பத்திரம் எழுதுற நோட்டரி ஆபீஸ் ஆகஸ்ட்ல மூடியிருக்கும்," என்றான் ரெஜிஸ். "செப்டம்பர்ல பேசலாம். அறுவடை முடியட்டும்."

பெட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான். படியைவிட்டுத் திரும்பி, முற்றத்தைத் தாண்டி, கொட்டகையின் மர ஏணிப்படியில் அதை இடித்து இடித்து ஏற்றினான்.

 பெயாத்ரிஸ், "இது சரியில்ல," என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டு அவன் பின்னால் நடந்தாள். கோரின் மெதுவாக, "நாங்க வேணும்னா ஓட்டலுக்குப் போயிடட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம். நீங்க விருந்தாளி. கை கழுவிட்டு வாங்க, ஆறிடும்."

மரீஸ் சமையலறைக்குப் போய் ரொட்டியை எடுத்து அறுத்தாள்.  ஜெயித்த மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். அப்படி இல்லை. நோட்டரி ஆபீஸ் மூடியிருக்கும், செப்டம்பர்ல பேசலாம். இரண்டு மூன்று வாக்கியம், அவ்வளவுதான். கஷ்டப்பட்டுக்கூடச் சொல்லவில்லை அவன், மழை வரும்போல இருக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னான். இதைச் சொல்லவா பதினோரு வருஷம்? முதல் வருஷமே சொல்லியிருந்தால் இவன் நாக்கு வெந்தா போயிருக்கும்? அந்தக் கூரைக்கு அடியில் ஈரத்துணியை நெஞ்சில் போட்டுக்கொண்டு விழித்துக் கிடந்த ஒவ்வொரு ராத்திரியும் சும்மா, ஒரு காரணமும் இல்லாமல், இவன் வாய் திறக்காததால் மட்டும்.

ரெஜிஸ் உள்ளே வந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பாராட்டுக்குக் காத்திருக்கிறவன்போல மேஜையோரம் நின்றான்.

"சொல்லிட்டேன் பாத்தியா," என்றான்.

அவள் ரொட்டிக் கூடையை அவன் கையில் கொடுத்தாள்.

"கொண்டுபோய் மேஜையில வை," என்றாள். "இன்னைக்கு என்கூடப் பேசாத ரெஜிஸ். நாளைக்கும் பேசாத. எப்ப பேசலாம்னு நான் சொல்றேன்."