வலி அடங்கிய பிறகு

இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பளு தூக்கித் தூக்கியே என் கணவருக்கு இடுப்பு போனது. வலிக்கு வீக்கம் குறைக்கும் மாத்திரையை மெடிக்கலில் வாங்கி விழுங்கிவிட்டு வருடக்கணக்கில் ஷிப்டுக்குப் போனார். பாதி வலி நிற்கும். மீதி வலியோடு வீட்டில் சிரிக்கவும் செய்வார். ஒருநாள் ரத்தமாக வாந்தி எடுத்தார். அந்த மாத்திரையால்தான் வயிற்றில் புண், சிறுநீரகமும் கெட்டிருக்கிறது என்ற டாக்டர், அதை நிறுத்திவிட்டு அபின் வகை வலி மருந்து ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

வலி முழுதாக அடங்கியது. ஆனால் சாப்பிடும்போதே அவருக்குக் கண் சொருகியது. மகள் பரீட்சையில் பாஸானதைச் சொல்ல ஓடிவந்தாள். "சரிம்மா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் அழுதாள்.

மாலையில் கேட்டேன்: "இன்னாய்யா, வலி கீதா?"

"வலி இல்ல. எதுவுமே இல்லாத மாதிரி கீது. அவ அழுதா, எனக்கு ஒண்ணுமே தோணல."

டாக்டரிடம் சொன்னோம். அவர் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். அந்த இடுப்போடு இப்போது கணவருக்கு வேலை இல்லை. வலியில் முனகுகிறார், மகளிடம் பள்ளிக்கூடக் கதை கேட்கிறார். நான் ஒத்தடம் கொடுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கீழ" என்கிறார்.