நாற்பத்தோராவது நிமிடம்

ஈவ்லின் சிஸ்டருக்கு அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கமே கிடையாது. முப்பது வருடம் எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்தவர். யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, எவன் குடித்துவிட்டு யார் மண்டையை உடைத்தான் என்பதெல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காதவர். அப்பேர்ப்பட்டவர் ரிட்டயர் ஆன பிறகு, பெற்ற மகனையே ஒளிந்திருந்து கவனிக்க ஆரம்பித்தார் என்றால், அதற்கு வீட்டுக்கு வந்த புது டிவிதான் காரணம்.

மகன் சுபின் அயர்லாந்தில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவறாமல் கூப்பிடுவான். சாப்பிட்டியாம்மா, அங்க குளிரா, மாத்திரை போட்டியா என்று கேள்வியெல்லாம் அவனே கேட்பான். திருப்பிக் கேட்டால் “நல்லாருக்கேம்மா” என்று ஒரே பதில்தான். அதற்கு மேல் குறடு போட்டு இழுத்தாலும் ஒன்றும் வராது. அவன் அப்பா நெல்சனும் அப்படித்தான். பக்கத்திலிருந்த வெலிங்டன் ராணுவ ஸ்டோரில் சிவிலியன் வேலை பார்த்தவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவர் போய் நான்கு வருடம் ஆகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் சுபின் ஊரை விட்டுக் கிளம்பும்போது சுவரில் ஒரு பெரிய டிவியை மாட்டிவிட்டு, கேபிள் கனெக்ஷனை எடுத்துவிடச் சொன்னான்.

“மழ பேஞ்சா வயர் அந்துபோச்சுன்னு இனி நீ கந்தண்ணன் பின்னாடி அலைய வேண்டாம்மா.”

கந்தன்தான் அந்தத் தெருவுக்குக் கேபிள்காரர். சில்வர் ஓக் மரத்துக்கு மரம் வயரை இழுத்துக் கட்டி, மாதம் ஒரே வாடகையில் சாமி பாட்டிலிருந்து சண்டைப் படம் வரை கொண்டுவந்து கொட்டுவார். புது ஏற்பாட்டில் அதெல்லாம் நடக்காது. சீரியலுக்கு ஓர் ஆப், கிரிக்கெட்டுக்கு ஓர் ஆப், சினிமாவுக்கு ஓர் ஆப். ஒவ்வொன்றுக்கும் தனிச் சந்தா. ஆப்பக்கடையில் தேங்காய்ப்பாலுக்குத் தனிக்காசு கேட்கிற கதைதான். சினிமா ஆப் ஒன்று போதும் என்று சுபின் தன் கணக்கையே அம்மா டிவியிலும் போட்டுக் கொடுத்தான். அதைத் திறந்தால் “யார் பார்க்கிறீர்கள்?” என்று கேட்கும். கீழே இரண்டு பொம்மை முகங்கள் இருக்கும். ஒன்றில் சுபின் என்றும் மற்றதில் அம்மா என்றும் எழுதியிருக்கும்.

ஒரு நாள் கண்ணாடி போடாமல் ஈவ்லின் சுபின் முகத்தை அமுக்கிவிட்டார். அவன் பாதியில் நிறுத்திய படங்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் எதுவரை பார்த்தான் என்பதற்கு ஒரு சிவப்புக் கோடு. டிஸ்பென்சரியில் கட்டில் கால்மாட்டில் தொங்கும் காய்ச்சல் சார்ட்டை முப்பது வருடம் படித்தவருக்கு இதைப் படிக்கவா தெரியாது?

ஒன்றைத் தவிர வேறெந்தப் படத்தையும் இருபது நிமிடத்துக்கு மேல் அவன் பார்க்கவில்லை. பிள்ளை அவ்வளவு அசந்து போய்த் தூங்கிவிடுகிறான். ஒரு சமையல் நிகழ்ச்சியில் ரசம் வைக்கும் பகுதியை மட்டும் முழுசாகப் பார்த்திருந்தான். அம்மாவிடம் கேட்டால் வாயில் இருக்கும் முத்து உதிர்ந்துவிடுமோ! கிறிஸ்துமஸ் வாரம் ஐந்து நாள் எந்தக் கோடும் நகரவில்லை. ஈவ்லின் அவராகவே போன் செய்தார். நூற்று மூன்று டிகிரிக் காய்ச்சலில் கிடந்தான்.

“உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?”

“பெத்தவளுக்குத் தெரியாதாடா?” என்று ஒரேயடியாகச் சாதித்துவிட்டார். உண்மையைச் சொன்னால் அதையும் மூடிக்கொள்வான் என்று அவருக்குத் தெரியும்.

அந்த வரிசையில் ஒரு பழைய படம் இருந்தது. அதன் கோடு மட்டும் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றது, நாற்பத்தோராவது நிமிடத்தில். ஒரு நாள் ஈவ்லின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தின் பேரைப் படித்தார்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன் வெலிங்டன் ஸ்டேஷனில் எடுத்த படம் அது. தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடவில்லை. கதாநாயகன் மலை ரயிலிலிருந்து இறங்கும்போது எதிரே கூட்டமாக ஆட்கள் நடக்க வேண்டும். வேடிக்கை பார்க்கப் போயிருந்த நெல்சனையும் பிடித்து நடக்கவிட்டார்கள். ஈவ்லின் பின்னிய மஞ்சள் மஃப்ளருடன் மூன்று விநாடி வருவார். அவர் கையைப் பிடித்து நடந்த ஐந்து வயது சுபின், கேமராவுக்கு எட்டாத உயரம். ஓரத்தில் அவனுடைய சிவப்புக் கம்பளித் தொப்பியின் குஞ்சம் மட்டும் தெரியும்.

கேபிள் இருந்த நாளில் அந்தப் படம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கந்தன் நினைத்தால் தன் லோக்கல் சேனலில் போடுவார். காலையிலேயே போன் வரும். “சிஸ்டருங்க, இன்னைக்கு மூணு மணிக்கு அண்ணன் வர்ற படம் போடறேனுங்க.” அவ்வளவுதான். சுபின் தெருவில் வீடு வீடாக ஓடிக் கதவைத் தட்டுவான். “அப்பா வர்றாரு! டிவி போடுங்க!” நெல்சனோ தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையற்கட்டு வாசலில் போய் நின்றுகொண்டு அங்கிருந்து பார்ப்பார். மூன்று விநாடி தெருவே மூச்சை அடக்கும். அப்புறம் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் கூச்சல் கிளம்பும். நெல்சன் காது வரை சிவந்துவிடுவார்.

அவர் இறந்த மூன்றாம் மாதம் கந்தன் தயங்கித் தயங்கிக் கேட்டார். “படத்தப் போடட்டுங்களா சிஸ்டர்?” ஈவ்லின் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கந்தன் பிறகு கேட்கவே இல்லை. ஏன் வேண்டாம் என்றோம் என்று ஈவ்லின் பின்னால் எத்தனையோ முறை தன்னைத் தானே திட்டிக்கொண்டதுண்டு.

இப்போது பட்டனை அமுக்கினார். ரயில் ஊதியது. புகை விலகியது. மஞ்சள் மஃப்ளரும் சிவப்புக் குஞ்சமும் திரையைக் கடந்து போயின. ஈவ்லின் வாய்விட்டு அழுதார். பக்கத்து வீடுகளில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் ஆப்பில் அவரவர் படம் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து காலையில் காபி குடித்ததும் அவருக்கு அதுதான் முதல் வேலை. நெல்சனைப் பார்ப்பார். பார்த்து முடித்ததும் கோட்டைப் பின்னால் தள்ளி, நாற்பத்தொன்றிலேயே கொண்டுபோய் வைப்பார். சார்ட்டைப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே மாட்டுகிற நர்ஸ் புத்தி. மறுநாள் போனால் அது சில நாள் இரண்டு மூன்று விநாடி முன்னே பின்னே இருக்கும். பையனும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான் என்று தெரிந்துகொள்வார். ஒரே வீட்டில் ஆளுக்கொரு நேரம் சாப்பிட்டுப் போவதுபோல் மூன்று பேரும் அங்கே புழங்கினார்கள்.

போன மாதம், மழை ஆரம்பித்த ஒரு காலையில், டிவியைப் போட்டால் வேறு ஏதோ எழுத்து வந்தது. இந்தத் தொலைக்காட்சி இந்தக் கணக்கின் வீட்டைச் சேர்ந்தது அல்ல.

ஈவ்லினுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “யாருடா யார் வீட்டுக்குச் சேராதவங்க?” என்று டிவியைப் பார்த்தே கத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை சுபின் சமாதானம் சொன்னான். “கம்பெனில ரூல மாத்திட்டாங்கம்மா. ஒரு வீட்டுக்கு ஒரு கணக்குத்தானாம். உனக்குத் தனியா எடுத்துட்டேன்.” அவன் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல ஈவ்லின் அமுக்கினார். “யார் பார்க்கிறீர்கள்?” என்று டிவி பழையபடி கேட்டது. கீழே ஒரே ஒரு முகம், அம்மா. உள்ளே போனால் பாதியில் நிறுத்தியது என்று ஒன்றுமே இல்லை.

“வந்துருச்சாம்மா?”

“வந்துருச்சு” என்றார். என்ன போய்விட்டது என்று எப்படிச் சொல்வது?

பஜாரில் கந்தன் எதிர்ப்பட்டார். இப்போது அவர் இன்டர்நெட் வயர் இழுக்கிறார். அந்தப் படம் இன்னும் இருக்கிறதா என்று ஈவ்லின் கேட்டார்.

“லோக்கல் சேனலயே மூடிட்டேனுங்க சிஸ்டர். போட்டா பாக்கறதுக்குக் கேபிள் வச்சிருக்கற ஊடு வேணுமில்லீங்க? ஆப்புலயே தேடிப் பாருங்க, வருமுங்க.”

தேடினால் வரும் என்று ஈவ்லினுக்கும் தெரியும். ஆனால் அதில் சுபின் இருக்க மாட்டானே. இப்போது அவன் தூங்கினானா, காய்ச்சலா, அப்பாவைப் பார்த்தானா, எதுவும் தெரியாது. நான்கு ஞாயிறு போயின. நல்லாருக்கேம்மா, நல்லாருக்கேம்மா. போன ஞாயிறு அவன் குரல் அடைத்திருந்தது. சளியா அழுகையா என்று பிரித்துச் சொல்ல ஒரு நர்ஸாலேயே முடியவில்லை.

இந்த ஞாயிறு அவன் கூப்பிடும்வரை ஈவ்லின் காத்திருக்கவில்லை. படத்தைத் தேடி எடுத்து, நாற்பத்தோராவது நிமிடத்தில் நிறுத்தினார். போனைப் போட்டார். அந்தப் பக்கம் எடுத்ததும் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. தெருவுக்கே கேட்கிற குரலில் கத்தினார்.

“சுபினு! அப்பா வர்றாரு! டிவி போடு!”

போனில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“நாப்பத்தொண்ணுலயே வச்சிருக்கியாம்மா?” என்றான்.

“உனக்கெப்படிடா தெரியும்?”

“நீ பாத்துட்டுப் போனா அந்தப் படம் வரிசையில மொதல்ல வந்து நிக்கும்மா. டெய்லி வேலைக்குப் போறதுக்கு முன்னாடி பாப்பேன். மொதல்ல நின்னா, அம்மா எந்திரிச்சுட்டா, காப்பி குடிச்சுட்டா, நல்லாருக்கான்னு நெனச்சுக்குவேன்.” அவன் மூக்கை உறிஞ்சினான். “ஒரு மாசமா அது நகரவே இல்லம்மா.”

ஈவ்லின் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

“இரு, நானும் எடுக்கறேன். மூணு எண்ணுவேன், ரெண்டு பேரும் ஒண்ணா அமுக்கலாம்.”

அவன் எண்ணினான். ரயில் ஊதியது. புகை விலகி, மஞ்சள் மஃப்ளர் ஈவ்லின் முன்னால் நடந்து போனது.

“பாத்தியாடா?”

“இல்லம்மா. இங்க நெட்டு ஸ்லோ. இன்னும் ரயிலே நிக்கல.”

ஈவ்லின் தன் டிவியை நிறுத்தினார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அந்தப் பக்கம், அவ்வளவு தூரத்தில், வெலிங்டன் ஸ்டேஷனில் ரயில் ஊதுவது கேட்டது.

“வர்றாரும்மா” என்றான் சுபின். “இங்க இப்பத்தான் வர்றாரு.”