கதவுக்கு அடியில் ஆறு ஓட்டைகள்

குந்தி உட்கார்ந்து, காது தரையில் படுகிற அளவுக்குத் தலையைச் சாய்த்து, வேனின் கதவுக்கு அடியில் கம்பியை விட்டுக் குத்திக்கொண்டிருக்கிறார் தக்கை. இடது கதவில் மூன்று ஓட்டை, வலது கதவில் மூன்று. ஆறிலும் கம்பி தடையில்லாமல் போய் வருகிறது. அப்புறம் ஒரு குவளைத் தண்ணீரைக் கண்ணாடியின் மேல் ஊற்றிவிட்டு, உள்ளங்கையைக் கதவுக்கு அடியில் ஏந்திக் காத்திருக்கிறார். கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் இறங்கிய தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கையில் விழுந்தால்தான் எழுந்திருப்பார். காலையில் பல் தேய்க்க மறந்தாலும் மறப்பார், இதை மறக்கமாட்டார்.

தக்கை என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. ஆள் குட்டை, உடம்பு உருண்டை, தொழில் பிளம்பிங். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் தெரு சும்மா இருக்குமா? முகத்துக்கு நேரே “பிளம்பர் சார்”, முதுகுக்குப் பின்னால் “தக்கை”. அவருக்கும் தெரியும். “தக்கை இல்லாத பாட்டில்ல எது நிக்கும்?” என்பார், அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டு.

ஓட்டையைக் கண்டால் அவருக்குக் கை ஊறும். காய்ச்சலில் கிடந்த ஒரு நண்பரைப் பார்க்கப் போனவர், குளியலறையில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டு, நேரே அங்கே போய் வாஷரை மாற்றிவிட்டு வந்துதான் “உடம்பு எப்படி இருக்கு?” என்று கேட்டார். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். இவர் பையில், இரண்டு நிறக் கட்டிகளாக வரும், பிசைந்து ஒட்டுகிற பசை இருக்கும். இரண்டு நிறமும் ஒரே நிறமாகும் வரை பிசைந்து, ஓட்டையில் அப்பி, கடைசியாக வலது கட்டைவிரலால் ஓர் அழுத்து. அந்த விரலின் குறுக்கே பழைய வெட்டுத் தழும்பு ஒன்று உண்டு. பசை கல்லாக இறுகிய பிறகும் குழியும் கோடும் அப்படியே நிற்கும். “என் கையெழுத்து இது. பத்து வருஷம் கழிச்சு ஒழுகினாலும் வந்து கேளுங்க, நான்தான் போட்டேன்னு ஒத்துக்குவேன்” என்பது அவர் வாடிக்கையாளர்களுக்குத் தரும் உறுதி.

அதே மனிதர் கட்டுகிற வீடுகளில் கொத்தனார்களோடு சண்டை பிடிப்பதைக் கேட்கவேண்டும். குளியலறைத் தரையில் வாட்டம் சரியில்லை என்றால் விடமாட்டார். ஒரு கோலிக்குண்டை உருட்டிவிட்டு, அது தண்ணீர் போகிற துளைக்குப் போய்ச் சேராவிட்டால் தரையைப் பெயர்த்துப் போடச் சொல்வார். “தண்ணி உள்ள வர நூறு வழி கண்டுபிடிச்சுக்கும். வெளிய போக நாமதான் ஒரு வழி வைக்கணும். அதை வைக்காம விட்டா வீடு உள்ளேயே அழுகும்” என்பார். ஊருக்கெல்லாம் சொன்ன இந்த உபதேசம் தன் வீட்டு வாசலில் நின்ற வண்டிக்கு மட்டும் எட்டாமல் போனதை நினைத்து இன்றைக்கும் அவர் மனம் ஆறவில்லை.

இருபது வருடம் அவர் குழாய்களை இரு சக்கர வண்டியில் நீளவாக்கில் கட்டிக்கொண்டு போனவர். முன்னால் போகிறவர் முதுகில் குழாய் இடித்து வாங்கிய வசவு கொஞ்சமில்லை. போன வருடத்துக்கு முந்தைய வருடம்தான் வேன் வாங்கினார். வாங்கிக் கொடுத்தவன் மைத்துனன், மனைவியின் தம்பி. தாய் இல்லாமல் அக்கா கையில் வளர்ந்தவன். வாகன ஷோரூமில் விற்பனையில் இருந்தான். நான்கு மாதம் காத்திருக்க வேண்டிய வண்டியை நான்கு வாரத்தில் எடுத்துக் கொடுத்தான். நிறம்கூட அவன் சொன்னதுதான். “இந்த வெளிர் நீலம் எடுங்க மாமா. சிமெண்டுத் தூசி தெரியாது” என்றான். ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பிட வருவான். சாப்பாட்டுக்கு முன்பு மாமாவும் மாப்பிள்ளையும் வேனில் ஒரு சுற்று. முன்னிருக்கையில் அவன்தான் உட்காரவேண்டும் என்பது எழுதாத சட்டம்.

தக்கை அந்த வண்டியைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டார். தினமும் கழுவினார். வாங்கிய முதல் வாரமே கழுவும்போது கதவின் அடியில் கை போனது. மூன்று ஓட்டைகள். எதிர்ப்பக்கக் கதவிலும் மூன்று. இவ்வளவு பெரிய கம்பெனி ஓட்டையை அடைக்காமல் அனுப்பியிருக்கிறதே என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. எறும்பு போகும், கரப்பான் போகும், மண் போகும். சட்டைப் பையில்தான் பசை இருக்கிறதே. ஆறையும் அடைத்து, ஆறு முறை கட்டைவிரலை அழுத்தி, அன்றைக்கே அதை மறந்தும் போனார்.

பதினான்காவது மாதம் இடது கதவின் கீழ்விளிம்பில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. நகத்தால் ஒன்றைக் கீறினார். உடைந்து, செம்பழுப்புத் தூள் விரலில் ஒட்டியது. பத்து வருடம் ஓடிய வண்டிக்கு வரவேண்டியது ஒன்றரை வயதுகூட ஆகாத வண்டிக்கு வந்திருந்தது. இரண்டு நாள் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்காதபடி, துரு பிடித்த பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார். மூன்றாம் நாள் ஷோரூமுக்குப் போனார்.

அன்றைக்கு அங்கே நல்ல கூட்டம். பழுது பார்க்கிறவர் கதவை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, வெளிப்பக்கத் துருவுக்கு வாரண்டி கிடையாது என்றார். மைத்துனன் ஓடிவந்தான். “மாமா, கொஞ்சம் உள்ள உக்காந்து பேசலாம். கதவுக்கு அடியில ஓட்டை இருக்கும், அது...” என்று ஆரம்பித்தான்.

“ஓட்டையைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா?” என்று தக்கை அவன் வாக்கியத்தை நடுவில் வெட்டினார். வெட்டாமல் இருந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. “மழையில ஊறிக் கிடந்த வண்டிக்குப் பாலிஷ் போட்டு என் தலையில கட்டிட்டே. அக்கா புருஷன் தலையிலயே மிளகா அரைச்சவன், ஊரான் தலையில என்னதான் அரைக்கமாட்ட?” என்றார், கூரைக்கு எட்டுகிற குரலில். புது வண்டிக்கு முன்பணம் கட்ட வந்திருந்த ஒரு குடும்பம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போனது. மைத்துனன் கண்ணாடிக் கதவை மாமாவுக்காகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

ஒரு வாரத்தில் அவனை விற்பனையிலிருந்து எடுத்து, பின்பக்கம் உதிரிபாகக் கவுண்டரில் போட்டுவிட்டார்கள். அந்த ஞாயிறு அவன் சாப்பிட வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. மனைவி சண்டை போடவில்லை, போட்டிருந்தால் தேவலை. ஒரு தட்டைக் குறைத்து எடுத்து வைத்தாள். எங்கேயாவது போவதென்றால் வேனில் ஏறாமல் “நீங்க போங்க, நான் பஸ்ல வந்துக்கிறேன்” என்றாள்.

டிங்கரிங் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனது அதற்கும் ஒரு மாதம் கழித்து. டிங்கர் வயதில் சின்னவர், வாய் பெரியது. கதவை ஆட்டிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது. “என்ன சார், கதவுக்குள்ள மீன் வளர்க்கிறீங்களா?” என்றார். கீழே படுத்து டார்ச் அடித்தார். “எந்தப் புண்ணியவான் இதை அடைச்சான்? கண்ணாடி வழியா எறங்குற தண்ணி போறதுக்குத்தானே ஓட்டையே விட்டிருக்கு. அடைச்சா உள்ளேயே நின்னு தின்னும்.”

சுத்தியலும் உளியுமாக, கல்லாக இறுகியிருந்த பசை வில்லை ஒன்றை நெம்பினார். பழுப்புத் தண்ணீர் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. தக்கை தன் செருப்பைச் சுற்றி அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். டிங்கர் வில்லையைத் துடைத்து அவர் கையில் கொடுத்தார். நடுவில் கட்டைவிரல் குழி, குறுக்கே தழும்பின் கோடு. தெரியாத புண்ணியவான் மேல் பழி போடக்கூட வழியில்லை. கையெழுத்துப் போட்டல்லவா கொடுத்திருக்கிறார். “நான்தான் போட்டேன்” என்றார். வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்கிற அதே வார்த்தை. 

மனைவியிடம் அன்றே சொன்னார். அவள் வில்லைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, “என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?” என்றாள்.

பத்துப் பேர் முன்னால் சொன்னதைப் பத்துப் பேர் முன்னால்தான் திரும்ப எடுக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. மறுநாள் உதிரிபாகக் கவுண்டருக்குப் போனபோது வரிசையில் இரண்டே பேர். ஓரமாக நின்றார். ஐந்து பேர் ஆனார்கள். மூன்று பேராகக் குறைந்தார்கள். ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டு ஒன்றேகால் மணி நேரம் நின்றார். கம்பி ஜன்னலுக்குப் பின்னால் இருந்த மைத்துனன் பார்த்தும் பார்க்காதவன் போல ஃபில்டரும் பல்பும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். தலைகள் பத்தானதும் தக்கை வரிசையில் போய்ச் சேர்ந்தார்.

“என்ன பார்ட் வேணும் சார்?” என்றான். அந்த ‘சார்’ அவருக்கு நெஞ்சில் தைத்தது.

ஆறு வில்லைகளையும் கவுண்டரில் வரிசையாக வைத்தார். பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி, “வண்டில குறை இல்லை. இவன் மேலயும் குறை இல்லை. தண்ணி போற வழியை நான்தான் அடைச்சேன். அடைச்சவன் நான், ஏச்சு வாங்கினவன் இவன். எல்லாரும் கேட்டுக்கங்க” என்றார். அப்புறம் குரல் இறங்கி, “தப்பு பண்ணிட்டேன் மாப்ள” என்றார்.

வரிசையில் யாரோ இருமினார்கள். மைத்துனன் ஒரு வில்லையை எடுத்து, குழியைப் பார்த்து, திரும்ப வைத்தான். உள்ளே போய் ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வந்தான். வெளிர் நீலப் பெயிண்ட். “டிங்கர் வேலை முடிஞ்சதும் கதவுக்கு இதை அடிச்சிடுங்க மாமா. இல்லன்னா திரும்பத் துரு பிடிக்கும்” என்று ஜன்னல் வழியாக நீட்டினான். மாமா என்றுதான் சொன்னான். ஆனால் அடுத்த மூச்சிலேயே, “அடுத்தவங்க வாங்க” என்றான். பழைய இடத்துக்கு அவனைத் திரும்ப எடுக்கச் சொல்லித் தக்கை மேலாளரிடமும் போய் நின்றார். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது என்றார் மேலாளர்.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. துருவைச் சுரண்டி, தகடு வைத்து, சாம்பல் நிற முதல் பூச்சு மட்டும் போட்டு டிங்கர் கொடுத்த வண்டி அப்படியே ஓடுகிறது. நீல வேனுக்குக் கதவின் கீழ்ப்பாதி மட்டும் சாம்பல். இப்போது அந்தப் பக்கம் தெருவைப் பார்த்து நிற்கிறது. கேட்கிறவர்களிடமெல்லாம் நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறார். புதிதாகக் கேட்பவர் கிடைக்காத நாளில், கேட்காதவரிடமும் சொல்கிறார்.

இன்று ஞாயிறு. கம்பியைக் குத்திப் பார்த்தாயிற்று, தண்ணீரும் கையில் சொட்டியாயிற்று. மனைவி வாசலுக்கு வந்து நிற்கிறாள். “அதான் பெயிண்ட் குடுத்துட்டானே. எடுத்து அடிச்சிட வேண்டியதுதானே?”

“கலர் எடுத்தவன் அவன். அவன் வந்து பக்கத்துல நிக்கட்டும், அடிக்கிறேன்.”

“வரலைன்னா?”

தக்கை முன்னிருக்கையில் கிடந்த கருவிப் பையைத் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டு, இருக்கையைத் துணியால் துடைக்கிறார். பின்பு டாஷ்போர்டுப் பெட்டியிலிருந்து அந்தப் பெயிண்ட் பாட்டிலை எடுக்கிறார். மூடி இன்னும் பிரிக்கப்படவில்லை. உள்ளே பெயிண்ட் உறைந்துவிடக் கூடாதே என்று, அதைக் காதருகே பிடித்து, நிதானமாகக் குலுக்க ஆரம்பிக்கிறார்.