ஜிமிக்கியில் உட்கார்ந்த ஃபோகஸ்

நான் எடுத்த வளைகாப்புப் படங்களைக் கணினியில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் ஸ்டூடியோ முதலாளி. சாதாரணமாக எதற்கும் சிரிக்கிற மனிதர். அன்று சிரிக்கவில்லை.

"ஜிமிக்கி ஜம்முனு கீது அக்கா. கண்ணு எங்க?"

எட்டிப் பார்த்தேன். வளைகாப்புப் பெண்ணின் காதில் தொங்கிய ஜிமிக்கியில் ஒவ்வொரு முத்தையும் எண்ணிவிடலாம். கண்களோ ஈரத்துணியால் துடைத்தது போல் மங்கியிருந்தன. அடுத்த படமும் அப்படியே. அதற்கடுத்ததும்.

கிழக்குத் தாம்பரத்தில் இருக்கும் அந்த ஸ்டூடியோவுக்காகப் பதினாறு வருடங்களாகக் கல்யாணம், வளைகாப்பு, ஞானஸ்நானம் என்று படம் எடுத்துவந்தேன். முதலாளி என்னைவிடப் பத்து வயது சின்னவர். எனக்கு நாற்பத்தெட்டு நடந்துகொண்டிருந்தது.

"கோச்சிக்காதீங்க அக்கா. வயசானா கண்ணு போறது சகஜம்தான். இனிமே நீங்க உள்ள உக்காந்து ஆல்பம் டிசைன் பாருங்க. வெளி வேலைக்கு வேற ஆளு போட்டுக்கறேன்."

"என் கண்ணுக்கு ஒண்ணும் ஆகல."

"அப்போ ஆட்டோ ஃபோகஸ்ல எடுங்க. இந்தக் காலத்துல யாருக்கா கையால திருகிகினு இருக்காங்க?"

நான்தான் இருக்கிறேன். என்னுடைய லென்ஸ் பழையது, மோட்டார் கிடையாது. வளையத்தைக் கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். முகத்தில் எந்த இடம் கூர்மையாக விழ வேண்டும் என்பதை ஓர் இயந்திரம் முடிவு செய்வது எனக்குப் பிடிக்காது. அதற்காகவே அந்த வளைகாப்புக்குச் சில நாள் முன் கேமராவில் ஃபோகஸிங் ஸ்கிரீனையும் மாற்றியிருந்தேன். வ்யூ ஃபைண்டருக்குக் கீழே, கேமராவுக்குள் இருக்கும் தபால்தலை அளவுத் தகடு அது. நாம் கண்ணை வைத்துப் பார்ப்பது அதில் விழுகிற பிம்பத்தைத்தான். நான் வாங்கிப் போட்டதில் நடுவே ஒரு வட்டம் உண்டு. ஃபோகஸ் சரியில்லையென்றால் வட்டத்துக்குள் முகம் இரண்டு துண்டாக விலகி நிற்கும். இரண்டும் சேர்ந்தால் சரி.

கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாளே சிட்லபாக்கத்தில் எங்கள் தெருமுனையில் இருக்கும் கண் டாக்டரிடம் போனேன். படிக்கப் போட்டுக்கொள்ளும் கண்ணாடி போதும், மற்றபடி குறை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை முதலாளியிடம் நீட்டினேன். அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"டாக்டருங்க அப்படித்தான் மனசு நோவாம சொல்லுவாங்க அக்கா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கோபம் தலைக்கேறியது. அந்தக் கோபத்தில்தான் ஒரு விஷயம் உறைத்தது. என் கண் மங்கியிருந்தால் ஃபோகஸ் ஒரு சமயம் மூக்கில் விழுந்திருக்கும், ஒரு சமயம் காதில். எல்லாப் படத்திலும் கண்ணைத் தாண்டி ஒரே அளவு பின்னாலேயே எப்படி விழும்? கண் இவ்வளவு ஒழுங்காகத் தப்புப் பண்ணாது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்து ஜன்னலோரம் ஒரு மர ஸ்கேலைப் புத்தகங்களின்மேல் சாய்த்து வைத்தேன். கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, பதினைந்தாவது சென்டிமீட்டர் கோட்டில் வட்டத்தின் இரண்டு பாதிகளையும் சேர்த்து எடுத்தேன். படத்தில் அதற்குப் பின்னால் இருந்த பதினேழு பளிச்சென்று இருந்தது. வளையத்தைக் கலைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். பத்து தடவை. பத்திலும் பதினேழு.

மறுநாள் ஓ.எம்.ஆர். பக்கம் இருந்த ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மேடம், நீங்க வேற கம்பெனி ஸ்கிரீன் போட்டிருக்கீங்க. அதெல்லாம் நாங்க அட்ஜஸ்ட் பண்றதில்ல. பேசாம புது மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிடுங்க."

அங்கிருந்து நேராக ஸ்டூடியோவுக்குத்தான் போனேன். மேசைமேல் ஸ்கேலைச் சாய்த்து வைத்து, கேமராவை முதலாளி கையில் கொடுத்தேன்.

"பதினஞ்சுல ஃபோகஸ் பண்ணி எடுங்க."

"எதுக்குக்கா?"

"எடுங்க."

எடுத்தார். பதினேழு. முகம் சுளித்து இன்னொன்று எடுத்தார். அதுவும் பதினேழு. ஆல்பம் டிசைன் செய்யும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவள் எடுத்ததிலும் பதினேழு.

"இப்ப உங்களுக்கும் கண்ணு போச்சா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி கேமராவை என் பக்கம் தள்ளினார். "சரிக்கா, கேமரா போச்சு. தூக்கிக் கடாசிட்டு வேற வாங்குங்க."

"கடாச மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

லென்ஸிலிருந்து வரும் ஒளி, படம் பதிகிற சென்சாருக்குப் போகிற தூரமும், கண்ணாடியில் பட்டு மேலே ஸ்கிரீனுக்குப் போகிற தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் போட்ட ஸ்கிரீன் ஒரு தலைமுடி அளவு மேலே உட்கார்ந்திருந்தது. அதனால் நான் பார்த்தது ஒன்று, சென்சாருக்குக் கிடைத்தது வேறொன்று. தப்பு என்னுடையதுதான். மாட்டிவிட்டுச் சோதித்துப் பார்க்காதது என் அசட்டை. ஆனால் அதற்கான தண்டனையை என் கண் ஏன் அனுபவிக்க வேண்டும்?

மேசையில் வெள்ளைத் துணி விரித்து, லென்ஸைக் கழற்றினேன். என் கணவர் காபி டம்ளரோடு வந்து நின்றார்.

"உள்ள ஏதாவது ஆயிட்டா?"

"ஆனா ஆகட்டும். என் கேமராதானே."

அவர் சத்தமில்லாமல் மின்விசிறியை நிறுத்தினார், தூசி பறக்காமலிருக்க.

ஸ்கிரீனைக் கீழிறக்க, அதற்கு மேலே, ஓரத்தைச் சுற்றி மெல்லிய சட்டம் ஒன்று வைக்க வேண்டும். முதலில் தாளில் வெட்டி வைத்தேன். ஃபோகஸ் பதிமூன்றில் போய் விழுந்தது. காதிலிருந்து மூக்குக்கு வந்த கதை. தாள் தடிமன் அதிகம். அடுக்களையில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை எடுத்துவந்து பிளேடால் அதே அளவில் வெட்டினேன். மயிரிழை அகலச் சட்டம். கை நடுங்கினால் கிழிந்துவிடும். ஏழு கிழிந்தன. இடுக்கி நழுவி ஸ்கிரீனின் ஓரத்தில் ஒரு கீறலும் விழுந்தது. ஒரு சட்டம் வைத்தபோது பதினாறரை. இரண்டுக்குப் பதினாறு. நான்காவதை வைத்து மூடி எடுத்தபோது பதினைந்து. நம்பாமல் மறுபடி எடுத்தேன். பதினைந்து. கணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவர் கண்ணை எடுத்தேன். இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. நான் கத்திய சத்தத்தில் கீழ் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

இரண்டு வாரம் கழித்து முதலாளி போன் செய்தார். கீழ்க்கட்டளையில் கல்யாணம், போக வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல். "நம்ம ஸ்டூடியோ கேமராவ எடுத்துகினு போங்க அக்கா."

"என் கேமராவோடதான் போவேன். லென்ஸும் அதேதான். முடியாதுன்னா வேற ஆளப் பாருங்க."

 "சரிக்கா" என்றார்.

மண்டபத்தில் வீடியோக்காரர் இரண்டு முறை சொன்னார், "அக்கா, ஆட்டோல போடுங்க, ரிஸ்க் எடுக்காதீங்க" என்று. நான் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். ஊதுபத்திப் புகைக்கும் விளக்கு வெளிச்சத்துக்கும் நடுவில், வட்டத்துக்குள் மணப்பெண்ணின் முகம் இரண்டாக விலகும், சேரும். சேரும்போது அழுத்தினேன்.

மறுநாள் முதலாளி படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினார். கண், கண், கண். பத்துப் பதினைந்து படம் தாண்டியபிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"கண்ணாடி மாத்திட்டீங்களா அக்கா?"

"இல்ல. நீங்க சொன்னதக் கேக்கல, அவ்ளோதான்."

அவர் அடுத்த படத்தைப் பெரிதாக்கினார்.