படையலில் வைத்த நீலம்

பாவ்சூ பதினேழு வயதில் நூற்பாலைக்குப் போனவள். ஆலை மூடிய வருடமே கணவனும் போய்ச் சேர்ந்தான். நூல் பழகிய கை என்று சொல்லித்தான் சின்தூ தன் முலாம் பட்டறையில் அவளைச் சேர்த்துக்கொண்டார்.

அங்கேயும் நூல்தான், துணியாகாத நூல். மருந்தில் வேகவைத்த அக்ரிலிக் இழை. பட்டறைக் கழிவுநீர் அதன் ஊடே போனால் நீரில் கலந்த செம்பு இழையில் ஒட்டிக்கொள்ளும். நீர் தெளிந்து வாய்க்காலுக்குப் போகும். வெள்ளை இழை நீலம் பாரித்ததும் பாவ்சூ அமிலத்தில் அலசுவாள். இழை வெளுக்கும், நீலம் மொத்தமும் பீப்பாயில் இறங்கும். அதை லாரி வந்து எடுத்துப் போவதாகத்தான் நினைத்திருந்தாள். அதிகாரிகள் வாய்க்காலுக்குப் போகும் குழாய்நீரைச் சோதித்துத் தலையாட்டும்போது பெருமையாகக்கூட இருக்கும்.

இன்று காலை அந்தப் பெருமையைக் காறித் துப்பத் தோன்றியது. குறுக்குவழியில் வந்தவள், பின்சுவரிலிருந்து வாய்க்காலுக்குள் ஒரு ரப்பர் குழாய் தொங்குவதைப் பார்த்தாள். அதன் வாயில் நீலப் பொருக்கு. வாய்க்கால் போய்ச் சேரும் முதல் வயல் அவள் தம்பி மாவ்லினுடையது. நெல் பால் பிடித்து நிற்கிறது.

சின்தூ வாசலில் நிலத்துச்சாமிக்குப் படையல் வைத்துக்கொண்டிருந்தார். பௌர்ணமிக்கு மறுநாள்; தெருவில் எல்லாப் பட்டறை வாசலிலும் மேசை, கோழி, ஊதுபத்தி.

“மொதலாளி, பீப்பாய்க்கு லாரி வருதா, வரலியா?”

“லாரிக்காரன் வாயப் பொளக்கறான்க்கா. மழை வரப்போவுது. மழையோட மழையா கடலுக்குப் போயிரும்.”

“நடுவுல என் தம்பி வயலு இருக்கு.”

“அவனுக்குன்னு தனி வாய்க்கா வெட்டவா? போய் நூலை அலசுக்கா. நீ அலசற அழகுலதான் நம்ம பொழப்பே ஓடுது.”

பக்கத்தில் பாக்கு மென்றுகொண்டிருந்த பட்டறை ஆள் ஆசாய் சிரித்தான்.

பாவ்சூவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீரில் விரவிக் கிடந்த விஷத்தை இழை இழையாகச் சேர்த்து, கெட்டியாக்கி, இவர் கையில் கொடுத்தது அவள்தான்.

உள்ளே போய் பீப்பாயில் ஒரு சொம்பு மொண்டு வந்தாள். சாமி முன்னிருந்த மூன்று கிண்ண மதுவைக் கீழே கொட்டிவிட்டு, மூன்றிலும் நீலத்தை ஊற்றினாள்.

“ஏய், பைத்தியமா உனக்கு?”

“வயலுக்கும் இவருதான் சாமி, உன் பட்டறைக்கும் இவருதான். வயலுக்கு ஊத்துனத இவரும் குடிக்கட்டும். ஏன், வயலுக்கு ஊத்தறப்ப கூசாத கை இப்பக் கூசுதா?”

ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. அது அணையும்வரை படையலில் யாரும் கைவைக்க மாட்டார்கள். சின்தூவின் கை கிண்ணம் வரை போய்த் திரும்பியது. எதிர்ப்பட்டறைக்காரர்கள் கூடிவிட்டார்கள். யாரோ செல்போனில் படமெடுத்தார்கள். சின்தூ பல்லைக் கடித்துக்கொண்டு லாரிக்குப் போன் செய்தார். போனை வைத்துவிட்டுப் பாவ்சூ பக்கம் திரும்பினார்.

“நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராத.”

“வந்தா கேளு.”

அதற்குள் செல்போன் படத்தைப் பார்த்துவிட்டு மாவ்லின் ஸ்கூட்டரில் வந்துவிட்டான். இறங்கக்கூட இல்லை.

“ஏன்க்கா ஊரைக் கூட்டுன? ஆபீசருங்க வந்து மண்ணைச் சோதிச்சா நெல்லு மொத்தத்தையும் உழுது பொதைச்சிருவாங்க. எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா சத்தமில்லாம அறுத்து வித்திருப்பேன்ல?”

சின்தூவைப் பார்த்ததைவிட மோசமாக அவனைப் பார்த்தாள்.

“வித்தா, யாருடா திங்கறது?”

மாவ்லின் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். லாரி வரும்வரை அவள் பீப்பாயின் பக்கத்திலேயே நின்றாள்.