சேமிசிக்குப் போட்ட டிக்

ஆஸ்திரேலியாவில் ஷெப்பர்டன் பக்கத்துப் பேரிக்காய் பொதியும் கொட்டகைக்கு வேலை கேட்டுப் போனால் முதலில் லாவினியாவின் மேசைதான். இதை எழுதுகிறவனும் அவளை அங்கேதான் முதலில் பார்த்தான். அவன் நீட்டிய பட்டச் சான்றிதழை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"டிகிரியெல்லாம் பேரிக்காய்க்குத் தெரியாது தம்பி. பாஸ்போர்ட்டக் குடு."

பாஸ்போர்ட் எண்ணைக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் தட்டினாள். வேலை செய்ய அனுமதி உண்டா, யாரிடம், எதுவரை என்று வந்த பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் செருகினாள். அதன் பிறகுதான் கையுறை கிடைத்தது.

பதினொரு வருடமாக அவள் வழக்கம் அதுதான். பசிபிக் தீவான டோங்காவைச் சேர்ந்தவள் என்பதால் அவளுடைய தேவாலயச் சபையின் டோங்கா ஆட்கள் சலுகை எதிர்பார்ப்பார்கள். "பாதிரியாரே வந்தாலும் பாஸ்போர்ட் வேணும்" என்று சிரிப்பாள். அனுமதியில்லாத ஆளை வைத்திருந்தால் முதலாளிக்குத் தண்டம். சரிபார்த்த தாள் ஒன்றுதான் அவரைக் காப்பாற்றும்.

ஒரு பிப்ரவரியில் அவள் கணவன் மானாசே ஒரு கடிதத்தோடு வந்தான்.

"உன் தம்பி சேமிசி வெளிய கார்ல இருக்கான். குவீன்ஸ்லாந்துத் தோட்டம் சரிப்படலயாம். ஒரு ரூம்ல எட்டுப் பேராம், மழைன்னா வேலையும் இல்லியாம்."

விசாக் கடிதத்தில் இன்னும் பதினாறு மாதம் இருந்தது. ஆனால் அது அந்தத் தோட்டத்தில் மட்டும் வேலை பார்க்கத் தந்த விசா.

"இங்க வேல செய்ய மாத்தி வாங்கியிருக்கானான்னு கேளேன்."

"நீயே கேளு. உன் தம்பிதான?"

"நான் எப்படி மானாசே கேக்கறது?"

"நான் மட்டும்? மச்சான் ஓடி வந்தவனான்னு கேக்கற மாதிரி ஆயிடும்."

டோங்கா வழக்கப்படி, வயது வந்த பிறகு அவளும் சேமிசியும் ஒரே அறையில் உட்கார்ந்ததில்லை. தம்பியின் சங்கதியை அக்கா கிளறுவது அவர்களிடையே அவமதிப்பு. எண்ணைத் தட்டினால் ஒரு நிமிடத்தில் பதில் வந்துவிடும். 'இல்லை' என்று வந்தால் தம்பியைத் திருப்பி அனுப்புகிறவள் அவளாகிவிடுவாள். அவள் தட்டவில்லை. 'சரிபார்த்தாயிற்று' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். மாற்றி வாங்காமல் வந்திருக்க மாட்டான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஒன்பது வாரம் அவன் பெட்டி அடுக்கினான். அவள் கிழங்கும் டின் இறைச்சியும் கட்டி மானாசே கையில் கொடுத்தனுப்புவாள். காலிப் பாத்திரம் கழுவித் திரும்பி வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை குடிவரவு அதிகாரிகள் வந்தார்கள். மேலாளர் கிரெக் கோப்புகளைப் புரட்டினான்.

"லாவி, எல்லாருக்கும் தாள் இருக்கு. இவனுக்கு எங்க?"

"எடுக்கல."

"நீயா எடுக்கல? ஏன்?"

"தம்பி."

"தம்பின்னா இன்னும் சுலபமா கேட்டிருக்கலாமேம்மா!"



சேமிசியை உள்ளே கூட்டிவந்தார்கள். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோட்டத்தை விட்டு வந்ததால் விசா ரத்தான விஷயம் அக்காவுக்குத் தெரியுமா என்று பெண் அதிகாரி கேட்டாள்.

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "தெரியும்னுதான் நெனச்சேன். தெரிஞ்சுதான் வேலைக்கு எடுத்துக்கிட்டாங்கன்னு இருந்தேன்."

அக்காவின் பெருந்தன்மையைச் சொல்வதாகத்தான் அவன் நினைத்தான். அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

தெரியாது என்றால் வெளியாட்கள் முன்னால் தம்பியைப் பொய்யனாக்கியது போலாகும். லாவினியா வாயைத் திறக்கவில்லை.

"மறுக்கலன்னு எழுதிக்கறேன்."

கொட்டகைக்குத் தண்டம் விழுந்தது. அவளை அன்று மாலையே நிறுத்திவிட்டார்கள். சேமிசியை டோங்காவின் தலைநகர் நூகுஅலோஃபாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

லாவினியா இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிறாள். தெரிந்தே வேலை கொடுத்தாள் என்று அவள் மீதான விசாரணை இன்னும் முடியவில்லை.