மூன்று வருஷம் என்று சொன்னவள் நான்

எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் குறைந்த புள்ளியில் பல்கலைக்கழகம் போகிறவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். ஓம், வெட்டுப்புள்ளி குறைவுதான். பௌதிகவியலுக்கு வாத்தியார் இல்லாத பாடசாலையில், ஆய்வுகூடம் என்று பலகை மட்டும் தொங்கும் அறையில் படித்தவர்களுக்காகக் குறைத்துக் கொடுத்த புள்ளி அது. ஆனால் அந்தக் கதவால் உள்ளே போனவர்கள் எல்லாரும் எங்கள் பிள்ளைகள்தானா என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் கேட்பேன். ஏனென்றால் ஒருவரை அந்தக் கதவால் உள்ளே தள்ளிவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு. அப்போது எனக்கு ஒன்பது வயது.

எண்பதுகளின் தொடக்கம். கல்முனைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வாப்பாவுக்குச் சம்மாந்துறைப் பக்கம் வயல். ராத்தா, அதாவது என் அக்கா, உயர்தர வகுப்பில் கணிதம் படித்தாள். அந்த வகுப்பில் இரண்டே பெண்கள். மற்றவள் கலியாணம் முடித்துக்கொண்டு பாதியில் நின்றுவிட்டாள். ராத்தா நிற்கவில்லை. பொறியியல் படிக்கப் போகிறேன் என்று எல்லாரிடமும் வாய்விட்டுச் சொன்னாள்.

"பொம்புளப் புள்ள பாலம் கட்டப் போறாவாம்" என்று மாமிமார் சிரித்தார்கள்.

"கட்டினா நீங்க அதுக்கு மேலால வர வேணாம் மாமி. ஆத்துல நீந்தி வாங்க" என்றாள் ராத்தா.

பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கும் சோதனைக்கு எட்டு மாதம் இருக்கும்போது, கொழும்பிலிருந்து மாமாவின் மகன் ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கினார். முறைப்படி எங்களுக்கு மச்சான். அவருக்கும் கணிதம்தான். கொழும்பு மாவட்டத்தில் பொறியியலுக்கு எடுக்க வேண்டிய புள்ளி அவருக்கு எட்டாது. எங்கள் மாவட்டத்துப் புள்ளி எட்டும். ஆனால் மூன்று வருஷமாக இங்கேயே இருந்து படித்ததாகக் காட்ட வேண்டும். மாமா பெரிய வியாபாரி. கிராம சேவகரின் கடிதம் கிடைத்தது. பாடசாலை வரவு இடாப்பில் பழைய திகதியில் பெயர் ஏறியது. எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். எல்லாருக்கும் தெரியும்.

ராத்தா மட்டும் உம்மாவோடு சண்டை பிடித்தாள். "எங்கட மாவட்டத்துக்குத் தாற இடமே கொஞ்சம் உம்மா. அவர் ஒண்ட எடுத்தா இஞ்ச ஒரு புள்ள வெளியில நிக்கும்."

"எடுத்தா எடுக்கட்டுமே" என்றார் உம்மா. "அவன் இந்த ஊட்டுக்கு வாற மாப்புள. இஞ்சினியர் நீயா இருந்தா என்ன, அவனா இருந்தா என்ன? ஊட்டுக்குள்ளதானே இருக்கப் போகுது!"

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் மச்சான் படித்தால் அந்தப் படிப்பு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும் என்பது உம்மாவின் நினைப்பு. இதில் பெரிய கூத்து என்னவென்றால், மாமா கலியாணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. கொழும்பில் அந்த வழக்கமும் இல்லை. உம்மா தானாகவே பேசி, தானாகவே முடித்துக்கொண்டார்.

முன் அறையும் மேசையும் மச்சானுக்குப் போயின. ராத்தா குசினியில் பலகைக்கட்டையில் உட்கார்ந்து படித்தாள். படித்தாள் என்றால், மச்சானுக்கு மூன்று வேளையும் சமைத்து, அவருடைய சட்டைகளைக் கழுவிப்போட்டு, மிச்ச நேரத்தில் படித்தாள்.

மச்சானுக்குப் பிரயோக கணிதம் ஓடாது. கப்பியும் கயிறும் வந்தால் தலையைப் பிடித்துக்கொள்வார். ராத்தாவுக்கு அது தண்ணீர்பட்ட பாடு. குமர்ப்பிள்ளை மச்சானோடு ஒரே அறையில் இருந்து கதைக்கக் கூடாது என்பதால் கணக்குக் கொப்பிகளைச் சுமந்தவள் நான். முன் அறையிலிருந்து விடை தெரியாத கணக்கு குசினிக்குப் போகும். குசினியிலிருந்து விடை வரும், படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் காரணத்தோடு.

"வந்திட்டுதா எங்கட ட்ரெயின்?" என்பார் மச்சான். நான் ரயிலைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் பெருமையாக இருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு சொக்லட் தருவார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். கெட்டவராக இருந்திருந்தால் நானே காட்டிக் கொடுத்திருப்பேன்.

சோதனைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது யாரோ கல்விக் கந்தோருக்குப் பெட்டிசம், அதாவது பெயர் போடாத புகார்க் கடிதம், போட்டுவிட்டார்கள். ஒருநாள் காலையில் கல்வி அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். மச்சான் முன் அறை வாசலில் வந்து நின்றார். அதிகாரி பெட்டிசத்தை மடியில் விரித்து வாசித்தார். மச்சான் எந்த மாதம், என்ன கிழமை, எந்த பஸ்ஸில் வந்தார் என்று அதில் இருந்தது. தகரப்பெட்டிக்குள் கொழும்பில் அச்சடித்த வினாத்தாள் கட்டுகள் எத்தனை இருந்தன என்றுகூட இருந்தது.

"எல்லாம் பொய் சேர்" என்றார் வாப்பா. "பொறாமையில எழுதினது."

அதிகாரி அவரை விட்டுவிட்டு, கதவுத் திரைக்குப் பின்னால் நின்ற ராத்தாவைக் கேட்டார். "மகள், நீங்களும் சோதனை எழுதிற ஆள்தானே. சொல்லுங்க, இவர் எப்ப இருந்து இஞ்ச இருக்கார்?"

வாப்பா இருமினார். உம்மா குசினியில் எதையோ கீழே போட்டார்.

"எனக்குத் தெரியாது சேர்" என்றாள் ராத்தா.

அதிகாரி பேனாவைக் கையில் எடுத்தார். எனக்கு ராத்தாமேல் ஆத்திரம் வந்தது. இவ்வளவு பெரிய கணக்கெல்லாம் போடுகிறவளுக்கு இது தெரியாதா? உம்மா எனக்கு எத்தனை தரம் சொல்லித் தந்திருக்கிறார்!

"மூணு வருஷம் சேர்!" என்று நான் முன்னுக்குப் பாய்ந்தேன். "எனக்கு ஆறு வயசா இருக்கக்கொள்ள வந்தவர். எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கினதே இவர்தான்."

சைக்கிள் கதையை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அது என் சொந்தச் சரக்கு.

அதிகாரி சிரித்தார். "சின்னப் புள்ளைக்குப் பொய் தெரியாது" என்றார். எழுதினார். உம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். போனார். அவ்வளவுதான் விசாரணை.

வாப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பிறகு வேலியோரம் போய் நின்று, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்கும்படி, பெட்டிசம் எழுதியவனின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். எங்கள் வீட்டுக்குள் இருந்த தகரப்பெட்டிக்குள் இருப்பது அந்த மனிதருக்கு எப்படித் தெரியும் என்று வாப்பா யோசிக்கவில்லை. பதினைந்து வருஷம் அவரோடு கதைக்காமலே இருந்தார்.

சோதனை முடிந்தது. மச்சான் கொழும்புக்குப் போனார். முடிவு வந்தபோது ராத்தாவைவிட அவருக்கு மூன்று புள்ளி கூட. பொறியியலுக்கு எங்கள் மாவட்டத்தின் கடைசி இடம் மச்சானுக்கு. அதற்கு அடுத்த பெயர் ராத்தாவுடையது. அவளுடைய வாத்தியார் கொழும்புக்குப் போய் விசாரித்து வந்து இதைச் சொன்னார். சொல்லிவிட்டு எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

திரும்ப எழுதியிருக்கலாமே என்பீர்கள். விடவில்லை. இவ்வளவு படித்தது போதும் என்றார்கள். மச்சான் கொழும்பிலேயே பெண் எடுத்தார். எங்களுக்கு அழைப்பு கலியாணத்துக்கு முதல் நாள் வந்தது. ராத்தாவுக்கு ஒரு கடைக்காரரைப் பேசி முடித்தார்கள். வீடு கொடுத்தார்கள். அந்த வீட்டில் இஞ்சினியர் யாரும் இல்லை.

ஆனால் இதெல்லாம் பிறகு. அனுமதிக் கடிதம் வந்த நாளில் எனக்கு ஒன்றும் தெரியாது. தபால்காரரிடம் அதை வாங்கியவள் நான்தான். அரசாங்கத்துக் கபில நிறக் கடிதவுறை. தட்டச்சில் மச்சானின் பெயர். அதன் கீழே எங்கள் வீட்டு இலக்கம், எங்கள் தெரு, எங்கள் ஊர். குசினிக்கு ஓடினேன். ராத்தா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கினாள். பிரிக்கவில்லை. விலாசத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாப்பாட்டச் சொல்லு, மாமாக்குத் தந்தி அடிக்கட்டாம்" என்றாள்.

எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. "பெட்டிசம் போட்டவன்ட மூஞ்சில கரி! என்ன ராத்தா?"

"ஓம்" என்றாள். "நல்லாப் பூசிட்டாய்."

முக்காட்டு நுனியை எடுத்து முகத்தைத் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள். அவளுடைய முகம் சுத்தமாகத்தான் இருந்தது. எதைத் துடைக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கடிதத்தைப் பறித்துக்கொண்டு வாப்பாவைத் தேடி ஓடினேன்.